கதை நுழையாத வீடு

கதை என்பதே நுழையாத ஒரு வீட்டில் குழந்தை ஒன்று வளர்ந்தால் அதன் கற்பனை என்னவாகும்? நீரில்லாப் பயிர்போல் வாடிப்போகுமா? அல்லது வேறொரு வழியில் வேர்விட்டு நீரைத் தேடிக்கொள்ளுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் மாநகரில் அத்தகைய வீடு ஒன்று உண்மையாகவே இருந்தது. அவ்வீட்டில் வளர்ந்த ஒரே மகன் பின்னாளில் ஆங்கில இலக்கிய உலகில் பெயர் பெற்ற திறனாய்வாளரானார். அவர் பெயர் எட்மண்ட் காஸ். சரோஜினி தேவியாரின் வரலாற்றைப் படித்தவர்கள் இப்பெயரை அறிந்திருப்பார்கள்.

எட்மண்ட் 1849ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் இலண்டனின் ஹாக்னிப் பகுதியில் பிறந்தான். தந்தையார் பிலிப் ஹென்றி காஸ் ஓர் உயிரியல் அறிஞர். நியூபவுண்ட்லாந்து, கனடா, அலபாமா, ஜமெய்க்கா ஆகிய இடங்களில் வாழ்ந்து பறவைகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்தவர். கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கலையை மக்களிடையே பரப்பியவர். அக்வேரியம் என்னும் சொல் பரவலான வழக்கிற்கு வந்ததில் 1854இல் வெளியான அவருடைய நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. மகன் பிறந்த நாளன்று அவர் தம் நாட்குறிப்பில் இரண்டு செய்திகளை அடுத்தடுத்து எழுதினார். ஒன்று, மகன் பிறந்தது; மற்றொன்று, ஜமெய்க்காவிலிருந்து பச்சை நிறக் குருவி ஒன்று வந்து சேர்ந்தது. இதைக் கொண்டு அவரை அன்பில்லாதவர் என எண்ணலாகாது. கண்டதைக் கண்டவாறே, நடந்ததை நடந்த வரிசையிலேயே குறித்து வைக்கும் இயல்பு அவருடையது. அவ்வியல்பே அவருடைய அறிவியலுக்கு வலிமையாக இருந்தது. அதுவே பின்னர் அவருடைய துன்பத்திற்கும் காரணமாயிற்று.

தாயார் எமிலி போவ்ஸ் சமயப் பாடல்களும் சிறு பிரசுரங்களும் எழுதியவர். கணவன் மனைவி இருவரும் பிளிமத் சகோதரர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பைபிளில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது அவர்கள் கொள்கை. இயேசு பெருமான் எந்த நாளிலும் எந்த நாழிகையிலும் மீண்டும் வந்துவிடுவார் என்ற எதிர்பார்ப்பிலேயே அவர்கள் வாழ்ந்தார்கள்.

இவ்வீட்டில் கதைப் புத்தகத்திற்கு இடமில்லை. அதற்குத் தாயாரின் இளமை அனுபவம் ஒன்று காரணம். சிறுமியாக இருந்தபோது கதை புனைவதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. தம்பியருக்குக் கதை சொல்லி மகிழ்ந்திருக்கிறார். அதைக் கண்ட ஆசிரியை ஒருத்தி, நடவாததை நடந்ததாகச் சொல்வது பொய், பொய் பாவம் என்று கண்டித்தாள். அன்று மூண்ட அச்சம் அவரை விட்டு அகலவே இல்லை. ஆகவே தம் மகனுக்கு உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை என உறுதி பூண்டார். எட்மண்டுக்கு ஜமெய்க்காத் தேன்சிட்டு தெரியும், தேவதை தெரியாது. ஓநாயின் பழக்க வழக்கங்கள் தெரியும். ஓநாயிடம் சிக்கிய சிவப்புத் தொப்பிச் சிறுமியின் பெயர்கூடத் தெரியாது. நான்கு வயதிலேயே படிக்கக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு உயிரியல் நூல்கள், பயண நூல்கள், சமய நூல்கள் ஆகிய இவைதாம் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாகப் பைபிள் கிடைத்தது.

பெற்றோர் எண்ணிப் பார்க்காத ஒன்று இங்கே உண்டு. கதைகளை எல்லாம் வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உலகின் பெருங்கதைகளுள் பலவற்றைத் தன்னுள்ளே கொண்ட ஒரு நூலை அவர்களே குழந்தையின் மடியில் வைத்தார்கள். கடல் பிளந்து வழிவிட்டதும், சிங்கக் குகையில் தானியேல் உயிரோடிருந்ததும், மீன் யோனாவை விழுங்கிக் கரையில் கக்கியதும் அந்நூலில்தானே இருக்கின்றன? மாலை வேளைகளில் பிறர் நாடகத்துக்கும் இசையரங்கிற்கும் சென்று களைப்பாறுவதுபோல, இக்குடும்பத்தார் வெளிப்படுத்தின விசேஷம் என்னும் இறுதி நூலைப் படித்துக் களைப்பாறினார்கள். கடலிலிருந்து எழும்பும் மிருகம் எது, வானத்திலிருந்து ஊற்றப்படும் கலசங்கள் எவை, அந்நூல் சொல்லும் பாபிலோன் எந்த நகரம் என்று பெற்றோர் ஆராய்வார்கள். குழந்தையும் உடன் உட்கார்ந்து கேட்கும். பெற்றோருக்கு அது உலக வரலாற்றின் கால அட்டவணை. குழந்தைக்கோ, நாளைக் காலையில் சன்னலைத் திறந்தால் தெருவில் காணக்கூடிய காட்சி. ரோமாபுரியின் போப்பாண்டவரே அந்த மிருகம் என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. போப்பாண்டவரை ஒருமுறைகூடக் காணாத அச்சிறுவன் அவரை எண்ணி வெறுப்புற்றான்.

கற்பனைக்கு இடமளிக்காத வீட்டில் அது தானாகவே மந்திரமாக உருவெடுத்தது. சரியான சொல் ஒன்றை மட்டும் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், தந்தையாரின் நூல்களில் வண்ணம் தீட்டப்பட்டிருந்த பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் உயிர் பெற்று, தாளில் ஓட்டைகளை விட்டுவிட்டுப் பறந்து போய்விடும் என்று அவன் நம்பினான். இறைவன் சொல்லால் உலகைப் படைத்தான் என்று நாள்தோறும் கேட்டு வந்த குழந்தை, சொல்லுக்கு உயிர்ப்பிக்கும் ஆற்றல் உண்டு என நம்பியதில் வியப்பென்ன?

தந்தையார் எல்லாம் அறிந்தவர் என்ற எண்ணமும் அவனுக்கு இருந்தது. குழந்தையின் மனத்தில் அவரும் இறைவனும் ஏறக்குறைய ஓர் உருவமாகவே கலந்திருந்தார்கள். ஒருநாள் தோட்டத்தில் வேலை செய்த ஆட்கள் விட்டுச்சென்ற கருவியை எடுத்து, நீரூற்றுக்குச் செல்லும் குழாயில் துளையிட்டுவிட்டான். நீரூற்று நின்றது. தந்தையார் வந்து பார்த்தார். வேலையாட்களின் கவனக்குறைவு என்று முடிவு கட்டினார். சிறுவன் நடுங்கியவாறு அருகிலேயே இருந்தான். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை! அந்த நாளில் அவன் இரண்டு உண்மைகளைக் கண்டுகொண்டான். தந்தையார் அனைத்தும் அறிந்தவர் அல்லர் என்பது ஒன்று. தனக்குள்ளே தன்னோடு பேசிக்கொள்ள ஒருவன் இருக்கின்றான், அவனை எவராலும் எட்டிப் பார்க்க முடியாது என்பது மற்றொன்று.

அடுத்து வந்தது பிரார்த்தனைச் சிக்கல். உனக்கு வேண்டியது எதுவாயினும் இறைவனிடம் கேள் என்று பெற்றோர் கற்பித்திருந்தார்கள். கடை ஒன்றில் பெரிய வண்ணப் பம்பரத்தைக் கண்ட சிறுவன், பம்பரம் வேண்டும் என்று இறைவனிடம் வேண்டத் தொடங்கினான். பெற்றோர் திகைத்தார்கள். அப்படிப்பட்ட பொருள்களைக் கேட்கலாகாது என்றார்கள். அயல்நாட்டார் மனம் மாறுவதற்கும் எருசலேம் யூதர்க்கு மீண்டும் கிடைப்பதற்கும் நாள்தோறும் வேண்டும்படி சொல்கிறீர்களே, அவற்றைவிடப் பம்பரம்தானே எனக்கு வேண்டியிருக்கிறது என்பது குழந்தையின் வாதம். நேர்மையான வாதம்தான். தேவையைக் கேள் என்பதைப் பெரியவர்கள் ஒரு கோட்பாடாகக் கொண்டார்கள். குழந்தை அதனை ஒரு வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டது.

இத்தகைய நிகழ்ச்சிகளுள் தலையாயது நாற்காலி நிகழ்ச்சி. சிறுவனுக்கு அப்போது ஆறு வயதளவு இருக்கும். விக்கிரக ஆராதனை என்றால் என்ன என்று தந்தையாரை வினவினான். மரத்தையும் கல்லையும் வணங்குவது என்று அவர் விளக்கினார். கிறித்தவ நாட்டில் எவனேனும் அவ்வாறு செய்தால் இறைவன் கடுஞ்சினம் கொள்வார் என்றும், அச்சினத்தை வெளிப்படையாகக் காட்டுவார் என்றும் சொன்னார். சிறுவன் இதை மனத்தில் வைத்துக்கொண்டான். பெற்றோர் இருவரும் வெளியே சென்றிருந்த ஒருநாள், சிறிய நாற்காலி ஒன்றைப் பெருமுயற்சியோடு தூக்கிச் சன்னலருகே இருந்த மேசைமேல் வைத்தான். நெஞ்சு படபடத்தது. தரைவிரிப்பில் மண்டியிட்டு, தான் நாள்தோறும் சொல்லும் பிரார்த்தனையைச் சொன்னான். இறைவனை விளிக்கும் இடங்களில் எல்லாம் நாற்காலியை விளித்தான். பிறகு காத்திருந்தான்.

எலியா தீர்க்கதரிசியின் சொல்லுக்கு வானத்திலிருந்து தீ இறங்கிய வரலாற்றை உண்மை என நம்பி வளர்ந்த குழந்தை அது. வானம் தெளிவாக இருந்தது. தெருவில் அரவம் இல்லை. இடியும் இல்லை, தீயும் இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை.

விக்கிரகங்களை நாள்தோறும் வணங்கும் நாட்டில் பிறந்த நமக்கு இந்நிகழ்ச்சி நகைப்பைத் தரலாம். ஆயினும் அச்சிறுவனுக்கு அது விளையாட்டன்று. தன் உயிரையே பணயம் வைத்து அவன் செய்த சோதனை அது. அதன் பிறகும் அவன் இறைவனை ஐயுறவில்லை. இறைவனின் உள்ளத்தைத் தந்தையார் முழுவதும் அறிவார் என்பதைத்தான் ஐயுற்றான். விஞ்ஞானியான தந்தையிடம் மகன் கற்ற பாடம் எது என்று கேட்டால், இச்சோதனையையே சொல்லலாம். ஒரு கூற்றைக் கேட்டான், அதைச் சோதித்தான், விளைவைக் கண்டான். தந்தையார் கடலுயிர்களிடம் கையாண்ட அதே முறையை மகன் தந்தையாரின் வாக்கிடமே கையாண்டான்!

1857 பிப்ரவரியில் தாயார் புற்றுநோயால் இறந்தார். சிறுவனுக்கு அப்போது ஏழு வயது. நோயுற்றிருந்த காலத்தில் அவருக்கு உற்ற துணையாக இருந்தவன் அவனே. இறக்கும் தறுவாயில் அவர் மகனை இறைபணிக்கே ஒப்படைத்தார். அவ்வொப்படைப்பு அவன் தோள்மேல் ஏறிய பெருஞ்சுமையாயிற்று. அவ்வாண்டிலேயே தந்தையும் மகனும் டெவன் கடற்கரையில் உள்ள செயின்ட் மேரிசர்ச் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அதே 1857இல் தந்தையார் ஒம்பலாஸ் என்னும் நூலை வெளியிட்டார். ஒம்பலாஸ் என்பது கொப்பூழைக் குறிக்கும் கிரேக்கச் சொல். உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்கிறது பைபிள். பாறைகளோ எண்ணற்ற ஆண்டுகளின் கதையைச் சொல்கின்றன. இரண்டையும் பொருத்த அவர் ஒரு வழி கண்டார். தாய் வயிற்றில் பிறவாத ஆதாமுக்கும் கொப்பூழ் இருந்திருக்கும். முதல் மரத்திலும் ஆண்டு வளையங்கள் இருந்திருக்கும். அவ்வாறே பாறைகளும் புதைபடிவங்களோடு கூடியே படைக்கப்பட்டன என்றார். அறிவியலார் இதை ஏற்கவில்லை, சமயத்தாரும் ஏற்கவில்லை. பாறைகளில் இறைவன் பொய்யை எழுதிவைத்தான் என்று தம்மால் நம்ப முடியாது என நண்பரும் நாவலாசிரியருமான சார்லஸ் கிங்ஸ்லி எழுதினார். கதையே கூடாதென்ற அம்மனிதர், நிகழாத கோடிக்கணக்கான ஆண்டுகளை உலகுக்குக் கற்பித்து எழுதினார்! தாம் ஒரு பெருங்கற்பனையைப் படைத்ததை அவர் கடைசிவரை உணரவில்லை. மகன் கற்பனையைக் கற்பனையாகப் பின்னாளில் அறிந்துகொண்டான். தந்தையும் மகனும் பிரிந்த இடம் இதுதான் எனலாம்.

அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் நாளில் நடந்தது ஒன்று. கிறிஸ்துமஸ் விழா பைபிளில் சொல்லப்படாதது, ஆதலால் விக்கிரக ஆராதனைக்கு ஒப்பானது என்பது தந்தையாரின் எண்ணம். பணிப்பெண்கள் தங்களுக்கென்று மறைவாகப் புட்டிங் செய்து, இரக்கத்தால் சிறுவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அவன் உண்டான். சிறிது நேரத்தில் வயிறு வலித்தது. வலியைவிட மனச்சான்று மிகுதியாகக் குத்தியது. தந்தையாரிடம் ஓடி, விக்கிரகத்திற்குப் படைத்த இறைச்சியை உண்டுவிட்டேன் என்று கதறினான். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் பேசப்படும் படையல் இறைச்சி, எட்டு வயதுச் சிறுவனின் உள்ளத்தில் இனிப்புப் பண்டமாகிவிட்டது. தந்தையார் சமையலறைக்கு விரைந்து, எஞ்சியதைத் தட்டோடு எடுத்துச் சென்று குப்பையில் எறிந்து சாம்பலில் அழுத்தினார்.

இன்னொரு நாள் அண்டை வீட்டார் தம் குழந்தைகளின் விருந்துக்கு எட்மண்டை அழைத்தார்கள். தந்தையாருக்கு அனுப்ப மனமில்லை. இறைவனிடமே கேட்போம் என்று மகனையும் மண்டியிடச் செய்து நெடுநேரம் வேண்டினார். இறைவன் என்ன விடை தந்தார் என்று மகனைக் கேட்டார். போகலாம் என்று இறைவன் சொன்னதாகச் சிறுவன் விடை கூறினான்! தந்தையார் பேச்சற்றுப் போனார். ஆயினும் தாம் வகுத்த முறையைத் தாமே மீற அவர் விரும்பவில்லை.

பத்து வயதில், வழக்கத்துக்கு மாறாக, முதிர்ந்த விசுவாசிகளுக்கு உரிய ஞானஸ்நானம் அவனுக்கு அளிக்கப்பட்டது. ஊரார் அவனை ஒரு சிறு ஞானியாகப் பார்த்தார்கள். அந்த ஞானியோ, தன்னையொத்த சிறுவர்களைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினான். உள்ளே இருந்த குழந்தை சாகவில்லை.

கதையும் கவிதையும் மெல்ல மெல்ல உள்ளே வந்தன. இலண்டன் வீட்டின் மேல்மாடியில் கிடந்த பழைய பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த நாவல் தாள்களை அவன் முன்பே படித்திருந்தான். அவை கற்பனை என்று அறியாமல், உண்மைச் செய்தியென நம்பி அஞ்சியிருந்தான். இப்போது தந்தையாரே வெர்ஜிலின் இலத்தீன் அடிகளைத் தம்மை மறந்து உரக்கச் சொன்னபோது, பொருள் புரியாத மகன் அவ்வோசையில் மயங்கினான். ஜமெய்க்காவின் காட்சிகளை மகன் அறியட்டும் என்று எண்ணி, மைக்கேல் ஸ்காட் எழுதிய டாம் கிரிங்கில் என்னும் கடல் நாவலையும் தந்தையாரே கொடுத்தார். மூடிய கதவைத் திறந்தவை தந்தையாரின் கைகளே.

பள்ளியின் இறுதி ஆண்டுகளில் ஒரு கோடை மாலையில் எட்மண்ட் தனியே சன்னலருகே இருந்தான். வானும் கடலும் பொன்னிறமாக ஒளிர்ந்தன. இதுவே இயேசு பெருமான் வரும் நாழிகை என்று உள்ளம் பொங்கியது. இப்போதே வாரும் என்று உரக்க வேண்டினான். காத்திருந்தான். ஒளி மங்கியது, காற்று அசைந்தது, தேநீர் நேரத்து மணி அடித்தது. நாற்காலி முன் மண்டியிட்ட குழந்தை இறைவனின் சினத்துக்காகக் காத்திருந்தது. இவ்விளைஞனோ இறைவனின் அருளுக்காகக் காத்திருந்தான். இரண்டு முறையும் விடையாக வந்தது அமைதியே.

1867இல் எட்மண்ட் இலண்டனுக்கு வந்து பிரிட்டிஷ் மியூசிய நூலகத்தில் உதவியாளரானார். மகனின் விசுவாசம் தளராதிருக்கிறதா என்று கேட்டுத் தந்தையாரின் கடிதங்கள் இடைவிடாமல் வந்தன. அன்பும் விசாரணையும் ஒரே உறையில் வந்தன. இறுதியில் மகன் தன் வழியில் எண்ணும் உரிமையைக் கேட்டுப் பெற்றான். விலை பெரிது, ஆனால் உறவு அறவே முறிந்துவிடவில்லை. பின்னர் எட்மண்ட் காஸ் கவிஞரானார், திறனாய்வாளரானார், நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனை ஆங்கில வாசகருக்கு அறிமுகம் செய்தார். அவருடைய நூல்களில் பிழைகள் மலிந்தன என்று 1886இல் சர்ட்டன் காலின்ஸ் கடுமையாகத் தாக்கினார்; அவ்வடு நெடுங்காலம் நீங்கவில்லை. 1904 முதல் 1914 வரை பிரபுக்கள் சபை நூலகராக இருந்தார். 1925இல் சர் பட்டம் பெற்றார். 1928 மே 16ஆம் நாள் காலமானார்.

தந்தையார் 1888இல் மறைந்தபின், அவர் வரலாற்றை எட்மண்ட் 1890இல் முறையாக எழுதினார். ஆயினும் சொல்ல வேண்டியது சொல்லப்படவில்லை என்ற எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது போலும். 1907இல் தந்தையும் மகனும் என்ற நூலைத் தம் பெயரிடாமலே வெளியிட்டார். நாம் மேலே கண்ட நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அந்நூலில் உள்ளவை. ஐம்பது ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதியது அது. தந்தையார் அந்நூல் காட்டுவதைவிட மென்மையானவர் என்றும், அவ்வீட்டில் மகிழ்ச்சியும் இருந்தது என்றும் பிற்காலத்தில் இருவர் வரலாற்றையும் எழுதிய ஆன் துவைட் அம்மையார் காட்டியிருக்கிறார். கதை கூடாதென்று வளர்க்கப்பட்ட மகன் தன் வாழ்வைச் சொல்ல முற்பட்டபோது, அதிலும் சற்றே கதை கலந்துவிட்டது!

அவருக்கும் நம் நாட்டிற்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் முடிக்க இயலாது. 1876இல் இலண்டன் பத்திரிகை அலுவலகம் ஒன்றில், கல்கத்தாவின் பவானிபூரில் அச்சான எளிய தோற்றமுள்ள கவிதை நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. தோரு தத் என்னும் வங்க மங்கை பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலமாக்கிய நூல் அது. அதன் அருமையை உணர்ந்து பாராட்டினார். தோரு மறு ஆண்டே 21 வயதில் மறைந்தார். 1882இல் அவருடைய இந்தியப் பழங்கதைப் பாடல்கள் வெளிவந்தபோது காஸ் முன்னுரை வரைந்தார்.

பின்னர் ஐதராபாத்திலிருந்து 1895இல், 16 வயதில், சரோஜினி இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றார். தம் கவிதைகளைக் காஸிடம் காட்டினார். அவை பிழையற்ற ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலப் பறவைகளும் ஆங்கில மலர்களும் ஆங்கில மணியோசையும் நிறைந்திருந்தன. காஸ் அவற்றை ஒதுக்கிவிடும்படி அறிவுரை கூறினார்; இந்திய மண்ணின் மலரையும் மக்களையும் நம்பிக்கையையும் பாடும்படி வேண்டினார். சரோஜினி அவ்வாறே செய்தார். 1905இல் வெளிவந்த பொன் வாயில் என்னும் முதல் தொகுதியை அவருக்கே காணிக்கையாக்கினார். 1912இல் வந்த காலப்பறவை என்னும் நூலுக்குக் காஸ் முன்னுரை எழுதினார்.

இவ்வறிவுரையைக் கூறும் தகுதி அவருக்கு எங்கிருந்து வந்தது? பிறர் சொல்லிக் கொடுத்த சொற்களையே பேசி வளர்ந்தவர் அவர். பத்து வயதில் முதியவர்களின் மொழியில் சாட்சி சொன்னவர். இரவல் மொழி எவ்வளவு அழகாக ஒலித்தாலும் அது இரவலே என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்? தம் சொல்லைத் தாமே தேடிக்கொள்ள அவர் பட்ட பாட்டின் பயன், கடல் கடந்து வந்த மாணவி ஒருத்திக்குக் கிட்டியது.

ஊரைவிட்டு வந்து, வேற்று மொழிகளின் நடுவே பயிலும் நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது உண்டு. நம் மனத்தில் பிறர் வைத்தவை பல. பெற்றோர் வைத்தவை, ஆசிரியர் வைத்தவை, நூல்கள் வைத்தவை. அவற்றை அன்பின்மையால் எறிந்துவிடுதல் எளிது. அச்சத்தால் அப்படியே சுமத்தலும் எளிது. எட்மண்ட் இரண்டையும் செய்யவில்லை. தந்தையார் தந்த நூலையே தன் கற்பனையால் வாழ்ந்து பார்த்தான், சோதித்துப் பார்த்தான், பின்னர்த் தன் முடிவுக்கு வந்தான். முடிவுக்கு வந்த பின்னும் தந்தையாரை மறக்க முடியாமல் இருமுறை அவர் வரலாற்றை எழுதினார். தந்தையாரின் நம்பிக்கையை அவரால் காக்க முடியவில்லை. தந்தையாரின் நினைவையோ உலகம் மறவாதபடி காத்துவிட்டார்.